பழைய 454-க்குப் புது இழுவை

அத்தியாயம் 6: குறைந்த செலவில் பிக் பிளாக்கைத் தயார் செய்தல்

1970-ஆம் ஆண்டு ஷெவர்லே தன் ஷெவெல் எஸ்எஸ் காரில் 454 கன அங்குல எஞ்சினை இரண்டு வகையாகப் போட்டு விற்றது. எல்எஸ்5 என்ற வகைக்கு 4,400 ஆர்பிஎம்மில் 360 குதிரைத்திறன். எல்எஸ்6 என்ற வகைக்கு 5,600 ஆர்பிஎம்மில் 450 குதிரைத்திறன். பெயர் வாங்கியது எல்எஸ்6தான். ஆனால் அதே விவரப் பட்டியலில் இழுவைக் கணக்கையும் பாருங்கள். இரண்டுக்குமே 500 பவுண்டு-அடி. எல்எஸ்5 அதை 3,200 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. எல்எஸ்6-க்கு 3,600 வேண்டும்.

கூடுதலாக வந்த 90 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது? 11.25 கம்ப்ரஷன், சாலிட் லிஃப்டர் கேம், பெரிய செவ்வகப் போர்ட் ஹெட், 780 சிஎஃப்எம் ஹோலி கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்து, உயர்ந்த சுற்றிலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டன. அதிலிருந்து வந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு சீட்டில் அழுந்துகிறதே, அந்த இழுவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தெருவில் ஓடும் காருக்கு அந்த இழுவைதான் சொத்து. பிக் பிளாக்கில் அது பிறவியிலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதை அடைத்து வைத்திருக்கும் தடைகளை ஒவ்வொன்றாக எடுப்பது மட்டுமே. பந்தயக் காருக்கான உறுப்புகளை வாங்கி மாட்டினால் இருக்கும் இழுவையையும் இழப்போம், பணத்தையும் இழப்போம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் எஞ்சின், 1970-களிலும் 80-களிலும் பிக்கப் டிரக், மோட்டார் ஹோம், பெரிய குடும்பக் கார் ஆகியவற்றில் வந்த சாதாரண 454. இலக்கு இதுதான்: பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஓட வேண்டும், ஐட்லிங் ஒழுங்காக நிற்க வேண்டும், பவர் பிரேக் வேலை செய்ய வேண்டும், 1,500 முதல் 5,000 ஆர்பிஎம் வரை தயங்காமல் இழுக்க வேண்டும்.

1. கையில் இருப்பது எந்த எஞ்சின்?

ஷெவர்லேயின் மார்க் 4 பிக் பிளாக் 1965-ல் 396 கன அங்குலத்தில் வந்தது. அடுத்த ஆண்டு 427, 1970-ல் 454. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். 454-இன் போர் 4.250 அங்குலம், ஸ்ட்ரோக் 4.000 அங்குலம். 427-க்கும் அதே போர்தான். ஸ்ட்ரோக் மட்டும் 3.76 அங்குலம். விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வார்ப்பு எண் இருக்கும். முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழே குத்திய எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வேறுபாட்டை மனத்தில் அழுத்தி வையுங்கள். 396-ம் 427-ம் உள்ளேயே சமன் செய்யப்பட்டவை. 454-இன் சமன் எடையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்க டாம்பரிலும் பின்பக்க ஃப்ளைவீலிலும் இருக்கிறது. 427-இன் டாம்பரை 454-இல் மாட்டினால் போல்ட் சரியாகப் பொருந்தும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், பிறகு அதிர்ந்து அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். பழைய சந்தையில் டாம்பரோ ஃப்ளெக்ஸ் பிளேட்டோ வாங்கும்போது 454-க்கு உரியதுதானா என்று உறுதி செய்துகொண்டே காசைக் கொடுங்கள்.

1991-இல் வந்த ஐந்தாம் தலைமுறை பிளாக் இன்னொரு வகை. கிராங்கின் பின் சீல் ஒரே துண்டாக மாறியது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு மாட்டும் இடம் எடுக்கப்பட்டது. மார்க் 4 ஹெட்டை அதில் வைக்க வேண்டுமானால் தண்ணீர்த் துளைகள் அப்படியே பொருந்தாது. அதற்கென்று தனி கேஸ்கெட் வேண்டும். முதல் முறை எஞ்சின் வேலை செய்பவருக்கு மார்க் 4 பிளாக்தான் தொல்லை இல்லாதது.

பழைய பட்டியலில் உள்ள குதிரைத்திறனை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் ஃபேன், சைலன்சர் போன்றவை இல்லாமல் தனி எஞ்சினை அளந்து எண் சொன்னார்கள். 1972 முதல் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்தார்கள். ஆகவே 1970-இன் எண்ணையும் 1974-இன் எண்ணையும் பக்கத்தில் வைத்து எஞ்சின் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. 1971-இல், ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள். அது உண்மையான இழப்பு. அதை எப்படி மீட்பது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2. பணம் போடும் முன் நாடி பாருங்கள்

தேய்ந்த எஞ்சினில் புதுக் கார்புரேட்டர் வைப்பது, சுவர் அரித்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போல. முதலில் மூன்று சோதனைகள்.

கம்ப்ரஷன் சோதனை: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எட்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு செல்ஃப் அடியுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு.

வேக்குவம் சோதனை: சாதாரண கேம் உள்ள நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். முள் சீராகத் துள்ளினால் ஒரு வால்வில் சந்தேகம் வையுங்கள்.

ஆயில் பிரஷர்: சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக்காரர்களின் பழைய கணக்கு. இதற்குக் கீழே போனால் பேரிங் வேலை முதலில், மற்றதெல்லாம் பிறகு.

மூன்றிலும் தேறிய எஞ்சினை அவிழ்க்காதீர்கள். ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

3. செலவில்லாத முதல் வேலை: டைமிங்

பழைய டாம்பரில் வெளி வளையம் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுகள் போனால் ரப்பர் வழுக்கி, வளையம் நகர்ந்து, டைமிங் கோடு பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே டைமிங் லைட்டைத் தொடும் முன், முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, கிராங்கை இரு திசையிலும் கையால் சுற்றி, பிஸ்டன் தட்டும் இரு இடங்களையும் டாம்பரில் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான மேல்முனை. கோடு அதோடு ஒத்துப்போனால் தொடருங்கள். ஒத்துப்போகாவிட்டால் டாம்பரை மாற்றுங்கள்.

பிறகு வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் 12 டிகிரி முன்னதாக வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உள் எடைகள் இன்னும் 24 டிகிரி சேர்த்து, 2,800 ஆர்பிஎம் அளவில் மொத்தம் 36 வர வேண்டும். திறந்த அறை உள்ள 454 ஹெட்டுக்கு 36 முதல் 38 வரை பொதுவாக ஒத்துவரும். மொத்த அளவு சரியாக இருந்தும் அது 4,000-க்கு மேல்தான் வந்து சேர்கிறது என்றால், எடைகளின் ஸ்பிரிங்கை மென்மையாக மாற்றுங்கள். இந்தச் சிறு மாற்றம் நடுச் சுற்றில் தரும் விறுவிறுப்பு ஆச்சரியமானது. சுமையில் நாக்கிங் கேட்டால் 2 டிகிரி பின்னே இழுங்கள்.

வேக்குவம் அட்வான்ஸைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். நெடுஞ்சாலையில் லேசான மிதியில் ஓடும்போது காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து, மெதுவாக எரியும். அப்போது தேவைப்படும் கூடுதல் டிகிரியைக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பெட்ரோல் வீணாகும், எஞ்சின் சூடேறும்.

பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால், ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் கொண்டுவந்த ஹெச்இஐ வகையைப் பழைய சந்தையில் வாங்கி மாட்டலாம். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய ரெசிஸ்டன்ஸ் வயரிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது.

இன்னொன்று: ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து வெடிக்கின்றன. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு பிளக் வயர்களும் ஒட்டி ஓடினால் ஒன்றின் பொறி மற்றொன்றில் தாவும். வயர்களைப் பிரித்து, முடிந்தால் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி கட்டுங்கள்.

4. மூச்சு வெளியே போகட்டும்

பிக் பிளாக்கின் முதல் பெரிய தடை புகைபோக்கிப் பக்கம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும், அதன் பின்னால் ஒற்றைக் குழாயும், குறுகிய சைலன்சரும் சேர்ந்து 7.4 லிட்டர் எஞ்சினின் கழுத்தை நெரிக்கின்றன. உள்ளே இருக்கும் புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று எங்கே நுழையும்?

தெருவில் ஓடும் 454-க்கு ஒன்றே முக்கால் முதல் ஒன்று ஏழெட்டாம் அங்குல விட்டமுள்ள குழாய்களைக் கொண்ட ஹெடர் போதும். இரண்டு பக்கமும் தனித்தனியாக இரண்டரை அங்குலக் குழாய், நடுவில் ஹெச் வடிவக் குறுக்கு இணைப்பு, தடையில்லாத சைலன்சர் இரண்டு. குறுக்கு இணைப்பு இரு வரிசைகளின் துடிப்பையும் சமப்படுத்தி, சத்தத்தின் கரடுமுரடையும் குறைக்கும்.

ஹெடர் வாங்கும்போது விட்டத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். உங்கள் காரின் ஸ்டீயரிங் பெட்டி, செல்ஃப் மோட்டார், பிளக் கழற்றும் இடம் மூன்றிலும் அது இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் மாற்ற ஒவ்வொரு முறையும் ஹெடரைத் தளர்த்த வேண்டிய கார் விரைவில் மூலையில் நின்றுவிடும்.

5. கார்புரேட்டர்: எவ்வளவு காற்று வேண்டும்?

கணக்குப் போடுங்கள். கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு இழுக்கக்கூடிய காற்று, கன அடியில் வரும். 454-ஐ 5,000-ஆல் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 657. சாதாரணத் தெரு எஞ்சின் அதில் 85 சதவீதம்தான் நிரப்பும். ஆக, சுமார் 558 சிஎஃப்எம்.

பெரும்பாலான 454-களில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ராச்செஸ்டர் குவாட்ராஜெட் 750 சிஎஃப்எம் வரை கொடுக்கும். அதாவது நமக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கையில் இருக்கிறது. அதன் முன் வாய்கள் சிறியவை. லேசான மிதியில் கலவை கூர்மையாகக் கிடைக்கும். பின் வாய்கள் பெரியவை. எஞ்சின் கேட்கிற அளவுக்கே காற்றுத் தடுப்பு திறக்கும். ஒழுங்காக வேலை செய்யும் குவாட்ராஜெட்டை எறிந்துவிட்டு 850 வாங்குவது அவசரச் செலவு.

வயதான குவாட்ராஜெட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. அடியில் உள்ள சிறு அடைப்பான்கள் கசிந்து, நிறுத்திய காரில் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் வடிகிறதா? த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடி, பக்கவாட்டில் காற்று இழுக்கிறதா? முழு மிதியில் பின் வாய்கள் உண்மையிலேயே முழுக்கத் திறக்கின்றனவா? மூன்றாவதைக் காரை நிறுத்தி வைத்து, ஒருவரை மிதிக்கச் சொல்லி, கண்ணால் பாருங்கள். கேபிள் தளர்ந்து, பாதி திறப்பிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் கார்கள் உண்டு.

கலவையைக் காதால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். வைட்பேண்ட் மீட்டர் ஒன்றைச் சைலன்சர் குழாயில் பொருத்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 14-ஐ ஒட்டியும், முழு மிதியில் 12.5 முதல் 12.8 வரையும் இருந்தால் சரி.

மேனிஃபோல்டு வாங்குவதானால் அலுமினியத்தில் டூயல் பிளேன் வகை. தெரு இழுவைக்கு அதுதான். எஞ்சினின் மூக்கு எடையும் குறையும். வாயின் வடிவம் ஹெட்டோடு பொருந்த வேண்டும். முட்டை வடிவப் போர்ட் ஹெட்டுக்குச் செவ்வக வாய் மேனிஃபோல்டைப் போட்டால், ஓடிவரும் காற்று சுவரில் மோதித் திரும்பும்.

6. கிரவுன்-பினியன்: குதிரைத்திறன் சேர்க்காமல் கிடைக்கும் இழுவை

பல குடும்பக் கார்களில் பின் அச்சில் 2.73 விகிதம் இருக்கும். அதை 3.42 ஆக்கினால், எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் 25 சதவீதம் அதிக இழுவை. வேறு எந்த ஒரு மாற்றமும் இந்தப் பணத்துக்கு இவ்வளவு தராது.

விலை என்ன? 27 அங்குல டயரோடு, மூன்றாவது கியர் நேரடியாக ஓடும் டர்போ 400 கியர்பாக்ஸில், மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் சுற்றும் அளவு:

2.73 விகிதம்: சுமார் 2,040 ஆர்பிஎம்
3.08 விகிதம்: சுமார் 2,300 ஆர்பிஎம்
3.42 விகிதம்: சுமார் 2,550 ஆர்பிஎம்
4.10 விகிதம்: சுமார் 3,060 ஆர்பிஎம்

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் 3.08-இல் நிற்கலாம். ஊருக்குள் ஓட்டுபவருக்கு 3.42 நல்ல நடுவழி. 4.10 காதுக்கும் பெட்ரோலுக்கும் பாரம். 454 போன்ற இழுவையுள்ள எஞ்சினுக்கு அது தேவையும் இல்லை.

7. கம்ப்ரஷன்: நம்பாமல் அளந்து பாருங்கள்

இதற்கு மேல் போக வேண்டுமானால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒரு கணக்கு. பெட்டியில் "9.5 கம்ப்ரஷன்" என்று எழுதிய பிஸ்டன், உங்கள் எஞ்சினில் 9.5 தரும் என்று எந்த உறுதியும் இல்லை. அது ஏதோ ஒரு ஹெட்டோடும் ஏதோ ஒரு கேஸ்கெட்டோடும் போட்ட கணக்கு.

454-இன் ஒரு சிலிண்டர் 930 சிசி. மேல் பக்கம் தட்டையான பிஸ்டனோடு ஒரு சாதாரணச் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம்:

ஹெட் அறை: 118 சிசி
கேஸ்கெட் (0.039 அங்குலத் தடிமன், 4.370 அங்குலத் துளை): 9.6 சிசி
பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.020 அங்குலம் கீழே: 4.6 சிசி
வால்வுக்கான பள்ளங்கள்: 3 சிசி
மொத்தம்: 135.2 சிசி

930-ஓடு 135.2-ஐக் கூட்டி, 135.2-ஆல் வகுத்தால் 7.9. தட்டையான பிஸ்டன் போட்டும் எட்டைத் தொடவில்லை. பல 454-கள் மந்தமாக இருக்கும் ரகசியம் இதுதான். அதே பிளாக்கில் 100 சிசி அறை உள்ள ஹெட்டை வைத்தால் 8.9. பிஸ்டன் மட்டத்துக்கு வரும்படி பிளாக்கின் மேல்தளத்தை லேத் பட்டறையில் சீவினால் 9.3. மாறாக, பழைய 118 சிசி ஹெட்டையே வைத்துக்கொண்டு, வால்வுப் பள்ளங்கள் போக 18 சிசி மேடுள்ள பிஸ்டன் போட்டால் 9.1.

பியூரெட் ஒன்றும், துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றும் இருந்தால் ஹெட் அறையை நீங்களே அளக்கலாம். அறையின் விளிம்பில் கிரீஸ் தடவித் தட்டை ஒட்டி, நிறம் கலந்த திரவத்தைக் குமிழி இல்லாமல் நிரப்பிப் பாருங்கள். எட்டு அறையையும் அளந்து எழுதி வையுங்கள்.

வார்ப்பிரும்பு ஹெட்டும் பங்கின் உயர் ரகப் பெட்ரோலும் என்றால் 9 முதல் 9.5 வரை போதும். அலுமினிய ஹெட் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் இன்னும் ஒரு புள்ளி ஏறக்குறையத் தாங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கைப் பின்னே இழுக்க நேரும். இடது கையில் வாங்கியதை வலது கையில் திருப்பிக் கொடுத்தது போல் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. திறந்த அறை ஹெட்டுக்கென்று செய்த மேடுள்ள பிஸ்டனை, மூடிய அறை ஹெட்டோடு சேர்க்காதீர்கள். மேடு அறையின் சுவரில் இடிக்கும்.

8. ஹெட்: பெரிய வாய் எல்லாம் நல்ல வாய் அல்ல

இந்த எஞ்சினின் வால்வுகள் நேர்வரிசையில் இல்லாமல் ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்து நிற்கும். முள்ளம்பன்றி என்று அமெரிக்க மெக்கானிக்குகள் பெயர் வைத்தது அதனால்தான். இந்தச் சாய்வுதான் இதன் பலம். வால்வு திறக்கத் திறக்கச் சிலிண்டர் சுவரை விட்டு விலகிப் போகிறது. காற்றுக்கு இடம் கிடைக்கிறது.

ஹெட்டுகள் மூன்று குடும்பம். பீநட் போர்ட் எனப்படும் சிறு வாய் ஹெட்டுகள் பிற்கால டிரக்குகளில் வந்தவை. கீழ்ச் சுற்றில் நன்றாக இழுக்கும். 4,000-ஐத் தாண்டினால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். செவ்வகப் போர்ட் ஹெட்டுகள் எல்எஸ்6 போன்ற உயர்சுற்று எஞ்சினுக்கு உரியவை. தெருச் சுற்றில் அவற்றின் அகன்ற வாயில் காற்று சோம்பி நகரும். விலையும் அதிகம். நடுவில் இருப்பவை முட்டை வடிவப் போர்ட் ஹெட்டுகள். நமக்கு வேண்டியவை இவைதான்.

இவற்றில் வார்ப்பு எண் 781-இலும் 049-இலும் முடிபவை பழைய சந்தையில் பெயர் பெற்றவை. உள் வால்வு 2.06 அங்குலம், வெளி வால்வு 1.72 அங்குலம். பட்டறையில் 2.19-க்கும் 1.88-க்கும் விரித்துக்கொள்ளலாம். வாங்கும் முன் விரிசல் சோதனை கட்டாயம். 1970-க்கு முந்தைய ஹெட் என்றால் வெளி வால்வு சீட் ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்குமா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் கடினமான சீட்டை இறக்க வேண்டும்.

ஹெட் வேலையில் காசுக்கு அதிகப் பலன் தருவது, வால்வுக்கு நேர் அடியில் உள்ள முதல் ஓர் அங்குலப் பகுதி. அங்கே வார்ப்பின் கூர் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினால் போதும். போர்ட் முழுவதையும் குடைந்து பெரிதாக்காதீர்கள். காற்றின் வேகம் செத்துவிடும்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய ஹெட்டுக்கு விரிசல் சோதனை, புது வழிகாட்டிகள், பெரிய வால்வு, சீட், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்தால் சில சமயம் புது அலுமினிய ஹெட்டின் விலையை நெருங்கிவிடும். அப்போது புதியதே லாபம்.

9. கேம்: விரலுக்குத் தகுந்த வீக்கம்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஐட்லிங்கில் காரைக் குலுக்கும் பெரிய கேமின் சத்தம் மனத்தை மயக்கும். ஆனால் அந்தக் கேம் உள் வால்வைத் தாமதமாக மூடுகிறது. கீழ்ச் சுற்றில் சிலிண்டருக்குள் வந்த கலவையின் ஒரு பகுதி திரும்பி மேனிஃபோல்டுக்கே போய்விடுகிறது. 8 கம்ப்ரஷனோடு அது சேர்ந்தால், 454 தன் இழுவையை இழந்து சின்ன எஞ்சின் போல நகரும்.

9-ஐ ஒட்டிய கம்ப்ரஷன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.42 விகிதம் என்ற நம் சேர்க்கைக்கு, 0.050 அங்குலத் தூக்கலில் அளந்த உள் வால்வு நேரம் 218 முதல் 228 டிகிரி. லோப் இடைவெளி 110 முதல் 112 டிகிரி. வால்வுத் தூக்கல் அரை அங்குலத்தை ஒட்டி. பிக் பிளாக்கின் ராக்கர் விகிதம் 1.7 என்பதால் 0.300 அங்குல லோப் வால்வில் 0.510 ஆகிறது. ஐட்லிங்கில் வேக்குவம் 15 அங்குலத்துக்குக் குறைந்தால் பவர் பிரேக் கடினமாகும். கேம் எடுக்கும்போது இதையும் கேளுங்கள்.

மூன்றையும் ஒன்றாக முடிவு செய்யுங்கள்: ஹெட், கம்ப்ரஷன், கேம். ஒன்றை இன்று, ஒன்றை அடுத்த ஆண்டு என்று தனித்தனியாக வாங்கினால் பொருந்தாத ஜோடியாகிவிடும்.

கேம் மாட்டியபின் கட்டாயச் சோதனைகள்: வால்வு முழுக்கத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் முட்டாமல் 0.060 அங்குலமாவது மிச்சம். பிஸ்டனுக்கும் உள் வால்வுக்கும் 0.080, வெளி வால்வுக்கும் 0.100 அங்குலம்.

தட்டை லிஃப்டர் கேம் முதல் 20 நிமிடத்தில்தான் பிழைக்கும் அல்லது சாகும். லோபுகளில் மசகு தடவி, துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆன உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் சுற்றை மாற்றி மாற்றி ஓட விடுங்கள். ஐட்லிங்கில் விட்டால் லோபுக்கு எண்ணெய் தெறிக்காது. இதற்காகவே டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றையும் முதலிலேயே சரிபார்த்து, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடிக்கும்படி வைத்திருங்கள்.

10. கார் தாங்குமா?

வார்ப்பிரும்பு பிக் பிளாக் 300 கிலோவுக்கு மேல் எடை. அதன் இழுவை எஞ்சினை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்கும். பழைய ரப்பர் மவுண்ட் கிழிந்தால் எஞ்சின் எழும்பி ஆக்சிலரேட்டரை இழுத்துவிடும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1965 முதல் 1969 வரையிலான சுமார் 67 லட்சம் ஷெவர்லே வாகனங்களை 1971 டிசம்பரில் இந்தக் குறைக்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. மவுண்டுகளை மாற்றுங்கள், பிரிந்து கழலாத பூட்டு வகையை வாங்குங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஃபேனைச் சுற்றிய கூண்டை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும் காரில் ஃபேன் வெறும் காற்றைக் கலக்கும். பிரேக்கை எஞ்சினுக்கு முன்பே சரி செய்யுங்கள். கலிபோர்னியாவில் இருந்தால், 1976-ஆம் ஆண்டும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு என்பதை, உறுப்புகள் வாங்கும் முன்பே நினைவில் வையுங்கள்.

11. பணம் போக வேண்டிய வரிசை

1. சோதனைகள், மவுண்ட், பிரேக், ரேடியேட்டர்.
2. டாம்பர் கோட்டைச் சரிபார்த்து டைமிங், பிளக், வயர்.
3. இருக்கும் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து கலவை சரிபார்த்தல்.
4. ஹெடர், இரட்டைக் குழாய், சைலன்சர்.
5. கிரவுன்-பினியன்.
6. டூயல் பிளேன் மேனிஃபோல்டு.
7. ஹெட், கம்ப்ரஷன், கேம் மூன்றும் ஒரே நேரத்தில்.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே சாலையில், அதே இரண்டாம் கியரில், 30 மைலிலிருந்து 60 மைல் வரை எத்தனை விநாடி என்று, ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் போகிறவர்களில் பலர் ஐந்தாம் படியிலேயே நின்றுவிடலாம். கார் அவர்கள் கேட்டதைக் கொடுத்திருக்கும். அங்கே நிற்பதில் குறைவில்லை. ஆறாவதும் ஏழாவதும் அதற்கு மேல் ஆசையும் பணமும் உள்ளவர்களுக்கு. எந்தப் படியில் நின்றாலும், அடுத்த உறுப்புக்கு ஆர்டர் கொடுக்கும் முன், உங்கள் எஞ்சின் நாள் முழுக்க எத்தனை ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். அந்தச் சுற்றில் வேலை செய்யும் உறுப்பை மட்டும் வாங்குங்கள்.